மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு லைன்

இப்போதெல்லாம் புரோகிராமைக் கணினியே எழுதிக்கொள்கிறதாம். போன மாதம் திவ்யா போன் செய்து சொன்னாள். கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில், நான் ஓய்வுபெறும்வரை என்னிடம் வேலை பார்த்த பெண் அவள். இன்று அங்கே சிஸ்டம் பிரிவுக்கே பொறுப்பாளர்.

“அண்ணே, புதுசா பிள்ளைங்க வந்திருக்காங்க. ஏஐகிட்ட கேக்குறாங்க, புரோகிராம் கோடு வருது, அப்படியே ஒட்டிடுறாங்க. ஓடவும் செய்யுது. ஆனா இந்த லூப் எங்க நிக்கும்னு கேட்டா முழிக்கிறாங்க. நீங்க ஒருநாள் வந்து பேசுங்க லா.”

“எதப் பத்தி?”

“பேசிக்தான். கிளாஸ், அரே, லூப். அப்புறம், பரமேஸ்வரி அக்கா விசயம்.”

வரமாட்டேன் என்றேன். அந்தக் கேட்டுக்குள் மறுபடி நுழைய எனக்கு விருப்பமில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். புதுப் பிள்ளைகள் பொறுமையாகப் படிக்க வேண்டும். எனக்கு முன்கோபம் உண்டு; அதையும் சேர்த்துத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டம் கைமாறியபோது குடும்பத்தோடு பாடாங் செராய்க்கு வந்தோம். மின்சார வேலை படித்து, கையுறைத் தொழிற்சாலையில் வயர்மேனாகச் சேர்ந்தேன். மோட்டார் எரிந்தால் மாற்றுவேன், பேனல் அறையில் ஃபியூஸ் போனால் போடுவேன். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, இனி லைன்கள் எல்லாம் கணினியில்தான் ஓடும், கற்றுக்கொண்டால் இருக்கலாம் என்றார். கற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிறோமே என்ற பயத்தோடு சிஸ்டம் அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

அங்கே எனக்கு அதிகாரியாக இருந்தவர் காதர். சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பம். பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகாரி என்பதால் நான் அவரைச் சார் என்றேன். மூத்தவன் என்பதால் அவர் என்னை அண்ணே என்றார். கடைசிவரை அப்படியே இருந்தோம்.

அவர் செய்த முதல் காரியம், என் மேசையிலிருந்த கீபோர்டைக் கழற்றி அவருடைய டிராயரில் வைத்துப் பூட்டியது. பென்சிலும் வெள்ளைத் தாளும் கொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு லைனுக்கு அழைத்துப் போனார். லைன் பக்கம் போய்ப் பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பீங்கானில் செய்த கைகள், நாங்கள் ஃபார்மர் என்போம், நீளமான சங்கிலியில் வரிசையாக மாட்டியிருக்கும். சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கைகள் ரப்பர்ப் பால்தொட்டியில் முங்கி, அடுப்பில் காய்ந்து, கையுறையாக உரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, மறுபடி முங்கப் போகும்.

“இந்த ஃபார்மர் இருக்கே, இதான் கிளாஸ்” என்றார் காதர். “இதுலேருந்து உரிச்சு எடுக்குற ஒவ்வொரு கிளவுஸும் ஆப்ஜெக்ட். அந்தச் சங்கிலி அரே. வரிசையா மாட்டி வெச்சிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடம். சங்கிலி சுத்துதுல்ல, அது லூப்.”

“அப்போ கிழிஞ்ச கிளவுஸ், சார்?”

“அதுவும் ஆப்ஜெக்ட்தான். அச்சுல கோளாறுன்னா எல்லாமே கிழிஞ்சுதான் வரும் அண்ணே.”

கிளாஸ் என்றால் என்ன என்பது அன்றே புரிந்துவிட்டது. அரேயில் முதல் இடத்துக்கு எண் பூஜ்யம் என்றபோதுதான் எரிச்சல் வந்தது. பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவனை எங்கள் ஊரில் கடையில்கூட வேலைக்கு வைக்க மாட்டார்கள். லூப் என்னை வாரக்கணக்கில் படுத்தியது. அதற்குத்தான் காதர் ஒரு முறை வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர், வாயால் ஓட்டுவது.

எழுதிய லூப்பைக் கணினியில் ஓட்டுவதற்கு முன் வாய்விட்டு ஓட்ட வேண்டும். முதல் சுற்று. யார் வந்திருக்கிறார்? ஒன்றாம் லைன். நமக்கு வேண்டியவரா? இல்லை. அடுத்த சுற்று. இப்படி ஒவ்வொரு சுற்றையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு எனக்கு அலுத்துவிடும். “அப்படியே கடைசி வரைக்கும் போயிடும் சார்” என்பேன். அவர் கோபப்பட மாட்டார், குரல் ஏறாது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்ப்பார்.

“போகும்னு எப்படித் தெரியும்? நீங்க கூடப் போனீங்களா?”

மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல் நறநறவென்று இருக்கும் எனக்கு. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பிற்பாடு நான் பிடித்த பிழைகள் அத்தனையும் இப்படி வாயால் ஓட்டிப் பிடித்தவைதான்.

இனி 3A. தொழிற்சாலை தொடங்கியபோது மூன்று லைன்கள்தான். பிறகு விரிவாக்கி ஆறு ஆக்கினார்கள். முதலாளி குடும்பம் சீனர்கள்; அவர்களுக்கு நான்கு ஆகாது. அவர்கள் பாஷையில் நான்கு என்றால் சாவு என்று காதில் விழும். நம் ஊரில் மாடிக் கட்டடங்களின் லிஃப்டில் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். ஆகவே மூன்றுக்கு அடுத்த லைனுக்கு 3A என்று பலகை மாட்டினார்கள். அதற்கப்புறம் ஐந்து, ஆறு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த லைன் முதன்முதலில் ஓடும்போது சங்கிலிக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர்கள் நாங்கள்தான். கெட்டது வரக்கூடாது என்று ஆளுக்கொரு வழியில் கும்பிட்டோம்.

லைனைச் சுத்தம் செய்வதற்கு முன்பெல்லாம் ஒரு முறை இருந்தது. சங்கிலியில் ரப்பர் நார் சுற்றிக்கொள்ளும். கையை விட்டுத்தான் பிடுங்க வேண்டும். கை வைக்கிற ஆள் பேனல் அறைக்கு நடந்து போய், அந்த லைனின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால்தான் கை உள்ளே போகலாம். சாவி பையில் இருக்கும்வரை மேனேஜரே வந்தாலும் அந்த லைனை ஓட்ட முடியாது.

புது சிஸ்டம் வந்ததும் அந்த நடை மிச்சமாயிற்று. லைன் முனையில் ஒரு திரை. எந்த லைன் என்று தொட்டு, ‘சுத்தம்’ என்ற பட்டனை அமுக்கினால் பக்கத்தில் பச்சை விழும். அதன்பின் எல்லா லைன்களையும் ஒரேயடியாக ஓட்டினாலும் அந்த ஒரு லைனை மட்டும் புரோகிராம் தள்ளி வைத்துவிடும். பூட்டுகளை எல்லாம் பெட்டியில் போட்டு ஸ்டோருக்கு அனுப்பினார்கள். வயர்மேனாக இருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. மீட்டிங்கில் சொன்னேன். நேரம் வீணாகிறது என்று மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்தார்.

பரமேஸ்வரி லைன் சுத்தம் செய்கிறவள். என்னோடு பாடாங் செராயிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருவாள். முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரைக் கலாய்த்துக்கொண்டே வருவாள். வேலையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. பூட்டுக் காலத்தில் ஸ்டார்ட் பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பாள். கேட்டால், “மொதத் தடவ மிசினுக்கு, ரெண்டாவது தடவ எனக்கு” என்பாள்.

அன்றைக்கு நல்ல மழை, மத்தியானம். இடி விழுந்து மின்சாரம் போனது. ஆறு லைன்களும் நின்றுவிட்டன. திரைக்கு மட்டும் பேட்டரி இருந்தது. நிற்கிற நேரத்தில் 3A-வில் சுற்றியிருக்கும் நாரைப் பிடுங்கிவிடு என்று சூப்பர்வைசர் பரமேஸ்வரியை அனுப்பினார். ஒரு லைனை மட்டும் தனியாகக் குறித்துச் சுத்தம் செய்வது 3A-வில் அதுதான் முதல் தடவை. அதுவரை வார விடுமுறையில் மொத்தத்தையும் அணைத்துவிட்டுத்தான் செய்வார்கள்.

மின்சாரம் வந்தது. சூப்பர்வைசர் எல்லா லைன்களையும் ஓட்டும் பட்டனை அமுக்கினார். லைன் ஓடப்போகிறது என்று எச்சரிக்கும் சங்கு ஊதியது. லைன்கள் நகரத் தொடங்கின. என் வாக்கி-டாக்கியில் அவர் குரல் வந்தது.

“மணியம், மூணு ஓடல லா. என்னா பிரச்சின, பாரு.”

மூன்றாம் லைனை நோக்கி நடந்தேன். அது அசையாமல் நின்றது. மோட்டாரில் கை வைத்துப் பார்க்கக் குனிந்தபோது பக்கத்து லைனிலிருந்து அலறல் கேட்டது.

3A ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு லைனை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை இழுத்து நிறுத்தியது நான்தான். பல்சக்கரத்திலிருந்து அவள் கையை எடுக்க எங்களுக்கு நெடுநேரம் ஆயிற்று. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. சங்கிலி முழுக்கப் பீங்கான் கைகள், ஒரு கீறல் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன.  

மறுநாள் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சிஸ்டத்தில் அந்த நேரத்தில் சுத்தம் என்று குறிக்கப்பட்ட லைனின் எண் 3 என்று பதிவாகியிருந்தது. ஆகவே பரமேஸ்வரி 3A-வைக் குறிப்பதற்குப் பதில் மூன்றைக் குறித்துவிட்டு, வேறு லைனில் கையை விட்டாள். அவள் தவறுதான். விசாரணை என்று ஒன்று பேருக்கு நடக்கும், அதில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். சட்டப்படி அவளுக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு எப்படியும் கிடைத்திருக்கும். ஆனால் தன் கையைத் தானே போக்கிக்கொண்டவள் என்ற பெயர் அவளுக்கு நிற்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

“அண்ணே, நான் 3A-தான் அமுக்குனேன். பச்ச விழுந்துச்சு. ரெண்டு தடவ பாத்தேன். சங்கு ஊதுச்சுண்ணே, கேட்டுச்சு. அது மத்த லைனுக்கு, எனக்கு இல்லேன்னு நெனச்சேன்.”

அவள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் லைன் எதற்காக நின்றது என்ற கேள்வி என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. தொழிற்சாலைக்குத் திரும்பி நேராகக் காதரிடம் போனேன்.

“சார், 3A-வ வாயால ஓட்டிப் பாப்போமா?”

அவர் மறுக்கவில்லை. திரையில் லைன் என்ற கிளாஸைத் திறந்தார். இந்த முறை கேட்டது நான், சொன்னது அவர்.

“நமக்கு வேண்டியது?”

“3A.”

“அதோட நம்பர் என்னா சார்?”

அவர் கிளாஸின் முதல் சில வரிகளைப் பார்த்தார். மூன்றே லைன்கள் இருந்த காலத்தில் எழுதப்பட்ட கிளாஸ் அது. லைனுக்கு எண் மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. புது லைன்கள் வந்தபோது, பலகையில் எழுத்து இருந்தால் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள் என்று காதர்தான் ஒரு வரி சேர்த்திருந்தார்.

“மூணு” என்றார்.

“லூப் போகட்டும் சார். மொத ஆளு?”

“ஒண்ணாம் லைன். நம்பர் ஒண்ணு. வேணாம்.”

“அடுத்த ஆளு?”

“ரெண்டு. வேணாம்.”

“அடுத்து?”

“மூணாம் லைன். நம்பர் மூணு. நமக்கு வேண்டியதும் மூணு.” அவர் குரல் தேய்ந்தது. “கெடச்சிருச்சு. குறிச்சிட்டு நின்னுடும்.”

“நாலாவது எடத்துல இருக்குற 3A-கிட்ட போகாதா?”

“போகாது.”

விஷயம் அவ்வளவுதான். அரேயில் ஆறு லைன்கள், அவற்றில் இரண்டு தங்களை மூன்று என்று நினைத்துக்கொண்டிருந்தன. பரமேஸ்வரி 3A-வைத் தொட்டாள்; தொட்ட பட்டனுக்குப் பக்கத்திலேயே திரை பச்சையைக் காட்டியது. உள்ளே தேடிப் போன லூப் முதலில் அகப்பட்ட மூன்றாம் லைனைக் குறித்துவிட்டு வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. எல்லா லைன்களையும் ஓட்டியபோது குறிக்கப்பட்ட மூன்று நின்றது, குறிக்கப்படாத 3A ஓடியது. சாவுக்குப் பயந்து நான்கை விட்டார்கள். நான்கு என்றே பலகை மாட்டியிருந்தால் அவள் கை இன்று இருந்திருக்கும்.

காதர் திரையை அணைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“விசாரணையில நீங்க இதச் சொல்ல வேணாம் அண்ணே. நான் சொல்றேன்.”

சொல்வாரா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள், வயதான தாயார். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் ஒரு வரியைத் திருத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

மீட்டிங் அறையில் மேனேஜர், எச்.ஆர். பெண்மணி, சூப்பர்வைசர், காதர், நான். பரமேஸ்வரியைத் தனியே ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எச்.ஆர். பெண்மணி நம் தமிழ் ஆள்தான். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைப் பரமேஸ்வரி முன்னால் தள்ளினார்.

“அம்மா, தப்பு யாருக்கும் வரும். மூணுன்னு அமுக்கிட்டீங்க. சைன் பண்ணிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்.”

“நான் 3A-தான் அமுக்குனேன்.”

“சிஸ்டத்துல மூணுன்னு இருக்கே மா.”

“சிஸ்டத்துல என்னா வேணா இருக்கட்டும். நான் கண்ணால பாத்தேன். எனக்கு ஒண்ணும் வேணாம். நான் சரியான லைனத்தான் குறிச்சேன்னு இதுல ஒரு வரி எழுதுங்க. எந்தக் கையில கேட்டாலும் சைன் போடுறேன்.”

 நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் காதர் எழுந்துவிட்டார். வெள்ளைப் பலகையில் ஆறு கட்டங்கள் வரைந்தார். முதலில் மலாயில், பிறகு அவளுக்காகத் தமிழில், ஒவ்வொரு சுற்றாக, எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தோடு வாயால் ஓட்டினார். மூன்றாவது கட்டத்தில் நின்றார்.

“இங்க நின்னுடும். இவங்க குறிச்சது 3A. புரோகிராம் எழுதுனது மூணு. தப்பு இவங்களோடது இல்ல, என்னோடது.”

பரமேஸ்வரி அழுதாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். மேனேஜர் காதருக்கு நன்றி சொன்னார். எல்லாவற்றையும் கவனத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மை ஜெயித்துவிட்டது என்று நம்பினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. எந்த லைன் குறிக்கப்பட்டது என்பதை உறுதிசெய்ய இயலவில்லை. இருப்பினும் சங்கு ஒலித்த பின்னும் கையை வெளியே எடுக்காதது தொழிலாளியின் கவனக்குறைவு. அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆறு கட்டமும் அந்த வெள்ளைப் பலகையோடே துடைக்கப்பட்டுவிட்டன. பரமேஸ்வரி கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது அவளை மறுபடி எடுக்கவில்லை. காதர் சொந்தக் காரணத்துக்காக விலகினார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். போகும் நாளில் டிராயர் சாவியை என் மேசையில் வைத்தார்.

“உங்ககிட்ட ஓயாம கேட்டேனே அண்ணே, கூடப் போனீங்களான்னு. 3A-கூட நான் போகல.”

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். கிளாஸில் லைனுக்கு இருந்த எண்ணை நீக்கிவிட்டு, பலகையில் இருப்பதை அப்படியே பெயராக வைத்தேன். ஸ்டோரிலிருந்து பூட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து பேனல் அறையில் வைத்தேன். மேனேஜர் முறைத்தார். பூட்டு இல்லாவிட்டால் நானும் இல்லை என்றேன். என் வேலைக்காலத்தில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். திவ்யா சேர்ந்தபோது அவள் கீபோர்டையும் கழற்றி டிராயரில் பூட்டினேன். அவளும் என்னைத் திட்டியிருப்பாள்.

புதுப் பிள்ளைகளே, கணினி எழுதித் தருவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் எழுதினால் என்ன? காதர் எழுதியதும் ஓடத்தான் செய்தது. ஓடுகிறது என்பதால் சரி என்று ஆகிவிடாது. வாயால் ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கூடப் போங்கள். லூப் நிற்கிற இடத்தில் ஒருத்தியின் கை இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் ஓய்வுபெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, ஒரு பரிசும் கொடுத்தார்கள். மரப்பீடத்தில் பொருத்திய பீங்கான் கை, கீழே பித்தளையில் என் பெயர். நீண்டகாலம் உழைத்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் கொடுப்பார்கள். நான் அதை வீட்டுக்குப் பின்னால் சாமான் அறையில் போட்டுவிட்டேன். விவரம் அறியாத என் மனைவி அதை எடுத்துக் கழுவி, வாசல் பக்கத்தில் வைத்து, அதன் விரலில் வீட்டுச் சாவியை மாட்டினாள்.

தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பரமேஸ்வரி வந்தாள். இப்போது ஒரு தாடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். இடது கையால் பத்திரிகையை நீட்டினாள். அப்போதுதான் வாசலில் சாவி தொங்கிய பீங்கான் கையைப் பார்த்தாள்.  அவள் கிட்டே போய்ப் பித்தளையில் இருந்ததை மெதுவாகப் படித்தாள்.

“ஏங்கிட்ட வாங்குனாங்க, ஒங்களுக்குக் குடுத்துட்டாங்க” என்று சிரித்தாள். என் மனைவியும் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். பரமேஸ்வரியின் சிரிப்பு நின்றுவிட்டது. “ஒங்க பேர எம்புட்டு அழகா எழுதியிருக்காங்க அண்ணே. நான் கேட்ட ஒரு வரிய எழுத மாட்டேன்னுட்டாங்களே.”

திவ்யா கேட்டது பேசிக். இதைத் தவிர எனக்கு வேறு பேசிக் தெரியாது. அவர்கள் எழுதாத வரியை நான் எழுதுகிறேன். பரமேஸ்வரி குறித்தது 3A. பச்சை விழுந்தது. அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கையை விட்டாள்.